முட்டைக்கு ஒரு பிரிமணை

பொன்னேரியில் எங்கள் பக்கத்து வீட்டு ஷபானாவுக்குக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. வேலை போக மிச்ச நேரமெல்லாம் மொட்டைமாடியில் கோழிகளோடுதான். போன மாதம் எங்கோ தொலைவிலிருந்து கூரியரில் ஒரு டஜன் அடைமுட்டை வரவழைத்திருந்தாள். ஒன்றைக் கையில் எடுத்து, கைபேசி வெளிச்சத்தை அதன் அடியில் பிடித்தபடி நேராக என் நாற்காலிக்கு வந்தாள்.

“தாத்தா, இத்த பாரேன். உள்ள காத்துக் குமிழி ஒரு எடத்துல நிக்காம ஓடிக்கினே கீது.”

எனக்கு ஒரு கணம் பதறிவிட்டது. “திருப்பாதே. குஞ்சு பொரிக்கிற மிஷின்ல வெச்சாலும்...” என்று ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் தெரியும். அகலப் பக்கம் மேல வர்றா மாரி நிக்க வெச்சு, ஒரு நாள் அப்டியே உட்டுட்டு, அப்பால மிஷின்ல வெச்சு அஞ்சு நாள் ஆட்டாம இருக்கணும். போன்லயே போட்டுகிறாங்க. உனுக்கு யாரு தாத்தா சொன்னாங்க?”

யாரும் சொல்லவில்லை என்றேன். அவள் நம்பவில்லை. “யாரும் சொல்லாம எப்டி தெரியும்?” என்று சிரித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். சின்ன விஷயந்தான், ஆனால் எனக்கு அன்று முழுக்க இருப்புக்கொள்ளவில்லை. ஒரு வேலையையும், ஒரு மனிதரின் நல்லெண்ணத்தையும், நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களையும் பணயம் வைத்து மூன்று பேர் கற்றுக்கொண்டதை, அவள் வடைச்சட்டியில் எண்ணெய் காயும் நேரத்தில் படித்துவிட்டாள். அதில் எனக்கு வருத்தம் கிடையாது, பொறாமை கொஞ்சம் உண்டு. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கோழி வளர்க்காதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முட்டையின் அகன்ற முனையில், ஓட்டுக்கு அடியில், இரண்டு சவ்வுகளுக்கு நடுவே கொஞ்சம் காற்று இருக்கும். அதற்குக் காற்றறை என்று பெயர். அவித்த முட்டையை உரித்தால் ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறதே, அந்த இடம். இருபதாம் நாள் குஞ்சு, ஓட்டை உடைப்பதற்கு முன்னால், தன் அலகால் உள்சவ்வைக் கிழித்து அந்தக் காற்றைத்தான் முதலில் மூச்சிழுக்கிறது. பிறப்பதற்கு முன்பே மூச்சு விடுகிற உயிர். இதைக் கோழிவளர்ப்புப் பயிற்சி வகுப்பில் கேட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தப் பயிற்சி ஆறு வாரம், சென்னையில். எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் விண்ணப்பம் போட்டேன், எடுத்துக்கொண்டார்கள். ஐந்து வாரம் கோழியின் உறுப்புகளைக் கரும்பலகையில் பார்த்து வரைந்தோம். ஆறாவது வாரம் நிஜக் கோழியைக் கையில் கொடுத்தார்கள். அது என் சட்டையில் எச்சமிட்டது. அத்துடன் பயிற்சி முடிந்தது, தற்காலிக உதவியாளன் என்ற உத்தரவோடு காக்களூர் ஏரிக்கரையை ஒட்டிய அரசுக் கோழிப்பண்ணைக்கு வந்து சேர்ந்தேன். ஐம்பதுகளின் நடுப்பகுதி. இன்று அந்தப் பக்கம் தொழிற்கூடங்களின் தகரக் கூரைகளாகத் தெரிகின்றன. அன்று நெல்வயலுக்கு நடுவில் எங்கள் ஓட்டுக் கட்டடம் ஒன்றுதான். மின்சாரம் வரவில்லை.

குஞ்சு பொரிக்கும் அறையில் நாங்கள் மூன்று பேர். மண்ணெண்ணெய் விளக்கில் இயங்கும் மிஷினை நான்காவது ஆள் என்று சொல்லலாம். நான்கு கால் வைத்த மரப்பெட்டி. பக்கவாட்டில் விளக்கு, அதன் சூடு குழாய் வழியாக உள்ளே போகும். ஈரத்துக்கு உள்ளே ஒரு தண்ணீர்த் தட்டு. வெப்பமானி நூற்றிரண்டு டிகிரிக்கும் நூற்றிமூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும். தாண்டினால் திரியை இறக்க வேண்டும், இறங்கினால் ஏற்ற வேண்டும். அந்தத் திரிக்குப் பொறுப்பு கன்னியம்மா. திருப்பாச்சூரிலிருந்து காலையில் நடந்து வருவார். முப்பத்தைந்து வயதிருக்கும். தினக்கூலி. அவர் அறைக்குள் வரும்போதே முகத்தில் படும் காற்றை வைத்து, “இன்னா, அரை டிகிரி எகிறிகிச்சு போல கீது” என்பார். வெப்பமானியைப் பார்த்தால் அரை டிகிரி எகிறித்தான் இருக்கும்.

மேலதிகாரி டாக்டர் அருளப்பன். கால்நடை மருத்துவம் படித்தவர், தெற்கத்திக்காரர். வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் இரண்டே மடிப்பாக மடித்திருப்பார். முட்டையைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவி, தண்ணீரை உதறாமல், காயும்வரை இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்பார். முட்டைகளை ‘அவங்க’ என்றுதான் சொல்வார். “அவங்களுக்கு வெயில் படுது, திரையை இழுங்க.” “அவங்களை அப்படி ஒருத்தர் மேல ஒருத்தர் வைக்காதீங்க.” முதலில் கேலி என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் நானும் அப்படியே பேச ஆரம்பித்துவிட்டேன். ஒருவரையும் அதட்டமாட்டார். எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான் திரும்பி வரும்: “பார்த்தீங்களா, நினைச்சீங்களா?” தண்ணீர்த் தட்டு வற்றிவிட்டது சார் என்றால், பார்த்தீங்களா நினைச்சீங்களா. நினைத்தேன் என்று ஒத்துக்கொண்டால் கோபம் வராது. போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வார், அவ்வளவுதான். எனக்கு அந்தக் கேள்வி பேஜாராக இருந்தது. என் மூளை எப்போதும் கண்ணுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த வயது அது.

மார்கழியில் முதல் சரக்கு வந்தது. மேற்கே வெகு தொலைவில் இருந்த ஒரு பண்ணையிலிருந்து நூற்று நாற்பத்து நான்கு முட்டை, வெள்ளைக்கோழி இனம். உமி நிரப்பிய மரப்பெட்டி. வழியில் எத்தனை கை மாறியதோ, எத்தனை மேடையில் தலைகீழாக இறங்கியதோ தெரியாது. திருவள்ளூர் ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் ஏற்றி வந்தோம், அந்தப் பாதையில் வண்டி வந்த அழகுக்கு எனக்கே குடல் இடம் மாறியது.

ஒரு பிஸ்கட் டின்னில் ஓட்டை போட்டு, உள்ளே அரிக்கேன் விளக்கை வைத்து, கதவையும் சன்னலையும் கறுப்புத் துணியால் மூடி, ஒவ்வொரு முட்டையாக அந்த ஓட்டையில் வைத்துப் பார்த்தோம். வாழ்க்கையில் நான் கண்ட முதல் அதிசயம் அதுதான் என்பேன். கெட்டியான வெள்ளை ஓடு செம்பருத்தி இதழ் போல ஒளி விட்டது. அதற்குள், அகன்ற முனையில் அசையாமல் இருக்க வேண்டிய காற்றறை, கொத்தனாரின் ரசமட்டத்தில் குமிழி ஓடுவதுபோல முட்டையைச் சாய்த்த பக்கமெல்லாம் ஓடியது. எனக்கு அது பழுது என்று தெரியவில்லை, அழகு என்றுதான் பட்டது. மறுபடி மறுபடி சாய்த்துப் பார்த்தேன். “போதும், வைங்க மிஸ்டர் ஏகாம்பரம்,” என்றார் டாக்டர். “வழியில அலுங்கியிருக்காங்க. நமக்கு இதுல வழிமுறை ஒண்ணும் எழுதிவைக்கலை. விதிப்படி வைப்போம்.”

விதி இதுதான். முட்டைகளைப் படுக்கவைத்து அடுக்க வேண்டும். ஒரு பக்கம் வரிசை எண்ணும் பெருக்கல் குறியும், மறுபக்கம் வட்டம், பென்சிலில். காலை, மதியம், மாலை என மூன்று வேளை திருப்ப வேண்டும். திருப்பியதும் சீட்டில் கையெழுத்து. கோழியின் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக இந்தத் திருப்பல். நான் எங்கள் தெருவில் அடைகாக்கும் பெட்டைக்கோழியை உட்கார்ந்து கவனித்தவன். அது ஒரு நாளைக்கு மூன்று முறையா திருப்புகிறது? எண்ணி மாளாது. ஆகவே நான் ஐந்து முறை திருப்பினேன், சில நாள் ஆறு. சீட்டில் மூன்று கட்டந்தான் இருந்தது, மூன்று கையெழுத்துத்தான் போட்டேன். பொய் எழுதுகிறேன் என்ற எண்ணமே வரவில்லை. கேட்காமலேயே கூடுதலாக உழைக்கிறோம் என்ற பூரிப்பு.

இன்னொன்றும் நடந்தது. மிஷினில் நூற்றிருபது முட்டைதான் படுக்கும். மீதி இருபத்து நான்கை என்ன செய்வது? டாக்டர் அன்று மதியம் சென்னையில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டார். கன்னியம்மா வைக்கோலைத் திரித்து, மிஷினுக்குள் சட்டென்று கண்ணில் படாத பின் ஓரத்தில் அந்த இருபத்து நான்கையும் அகன்ற முனை மேலே வரும்படி நெருக்கி நிறுத்திவிட்டார். எண்கள் நூற்றிருபத்தொன்றிலிருந்து. ஆணி அடித்ததுபோல நின்றன. திருப்பவே முடியாது. சீட்டில் நான் நூற்று நாற்பத்து நான்குக்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

இருபத்தோராம் நாள் மூன்று குஞ்சு வந்தது. மறுநாள் ஒன்றுமில்லை. அதற்கு மறுநாள் டாக்டர் மிச்சத்தை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தார். பெரும்பாலானவை முதல் வாரத்திலேயே வளர்ச்சி நின்றுபோயிருந்தன. சீட்டை எடுத்துப் பார்த்தார், மூன்று வேளைக் கையெழுத்தும் ஒழுங்காக இருந்தது. வெப்பக் குறிப்பும் சரி. ஆகவே நியாயமான ஒரே முடிவுக்கு வந்து, அனுப்பிய பண்ணைக்கு எழுதினார்: எங்கள் பக்கம் விதிப்படி நடந்திருக்கிறது, பெட்டி கட்டிய விதத்தில்தான் குறை.

இரண்டு பதில் வந்தன. தலைமையிடத்திலிருந்து ஒன்று: இன்னும் ஒரு சரக்கு வரும், அதுதான் கடைசி, அதிலும் இப்படியானால் மிஷின் வேறு பண்ணைக்குப் போகும். மிஷின் போனால் விளக்கும் போகும், விளக்கு போனால் கன்னியம்மாவும் நானும் போவோம். மற்றக் கடிதம் முட்டை அனுப்பிய பண்ணையிலிருந்து. வருத்தம் தெரிவித்து, பெட்டி கட்டும் ஆளை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டதாக எழுதியிருந்தார்கள். டாக்டர் அதைச் சத்தமாகப் படித்தார். நான் தண்ணீர்த் தட்டை நிரப்பிக்கொண்டிருந்தேன், தட்டு வழிந்து தரையெல்லாம் தண்ணீர்.

அந்த மூன்று குஞ்சுகளின் ஓடுகளை நான் பேனாப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன். என் கையால் பொரித்த முதல் குஞ்சுகள் அல்லவா. ஒரு காலை, வேலை இல்லாத நேரம், எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பென்சில் எண்கள் அழியாமல் இருந்தன. நூற்றிருபத்தாறு. நூற்று முப்பத்தொன்று. நூற்று நாற்பது.

மூன்றுமே ஓரத்தில் நின்ற முட்டைகள். நான் கை வைக்காத முட்டைகள்.

கன்னியம்மா விளக்குக் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓடுகளை அவர் முன்னால் வைத்தேன்.

“அக்கா, ஓரத்துல நிக்க வெச்சீங்களே, அந்த இருவத்தி நாலு. அதை யாராச்சும் திருப்புனாங்களா?”

“எப்டி திருப்பறது? கல்யாண ஊட்டுல ஜனம் நிக்கறா மாரி நின்னுக்கினு இருந்துச்சி. நீதான நைனா கையெழுத்து போட்ட, உனுக்கு தெரியாதா?”

நான் ஐந்து முறை திருப்பியதையும் சொன்னேன். குமிழி ஓடுகிற முட்டையைப் புரட்டப் புரட்ட அந்தக் காற்று உள்ளே எல்லாவற்றையும் கிழித்திருக்கும், நிமிர்ந்து அசையாமல் நின்றவற்றில்தான் அது தன் இடத்தில் மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தார்.

“மெதுவா பேசு. இத்த ஐயா கைல சொல்லிக்கினு போய் நிக்காத. ஒரு கடுதாசி போயி அங்க ஒருத்தன் பொழப்பு பூட்ச்சி. இப்ப நீ போய் நாந்தான்னு சொன்னா உன் சீட்டையும் கிழிச்சிடுவாங்க. நான் ஒண்ணு சொல்றேன் கேளு. வர்ற முட்டைய நாம நிக்க வெச்சிடுவோம். ஐயா கேட்டா எடம் பத்தலன்னு சொல்லிக்கலாம். நீ பாட்டுக்கு திருப்புனேன்னு மூணு கையெழுத்த போட்டுக்கினு போ. குஞ்சு வந்துடும், வேலையும் நெலைக்கும். யாரு பாக்கப் போறா?”

நல்ல யோசனை. இன்றைக்கும் சொல்கிறேன், அதில் ஓட்டை கிடையாது. அப்படிச் செய்யாமல் டாக்டரிடம் போனதற்கு நேர்மைதான் காரணம் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. பெட்டி கட்டிய அந்த முகம் தெரியாத ஆள் நெஞ்சில் உறுத்தியது நிஜம். ஆனால் என்னை அந்த நிமிஷம் டாக்டரின் மேசைக்குத் தள்ளிக்கொண்டு போனது வேறு. கண்டுபிடித்துவிட்டேன். அதைச் சொல்லாமல் வயிற்றுக்குள் வைத்திருக்க என்னால் முடியவில்லை.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். மூன்று ஓடுகளையும் மேசையில் வரிசையாக வைத்தேன். முழுக்கக் கேட்டார். பேனாவை மூடினார்.

“எத்தனை தடவை திருப்புனீங்க?”

“அஞ்சு சார். சில நாள் ஆறு.”

“சீட்டுல?”

“மூணு.”

“ஓரத்துல நின்னவங்களை?”

“ஒரு தடவைகூட இல்லை சார். அதுக்கும் கையெழுத்து போட்டிருக்கேன்.”

அவர் ஓடு ஒன்றை எடுத்து, அதிலிருந்த எண்ணைப் படித்தார். பிறகு, எப்போதும்போலக் கேட்டார். “நிக்க வெச்சதால பிழைச்சாங்கன்னு சொல்றீங்க. பார்த்தீங்களா, நினைச்சீங்களா?”

“நின்னதுல மூணு வந்தது பார்த்தது சார். நின்னதால வந்ததுங்கறது நினைச்சது.”

அவர் முதல் தடவையாக என்னை உட்காரச் சொன்னார். பழைய சீட்டையும் சிவப்பு மையையும் எடுத்து என் முன்னால் வைத்தார். ஒவ்வொரு நாளுக்கும் எதிரே, எனக்கு நினைவிருந்தபடி, உண்மையில் எத்தனை முறை திருப்பினேன் என்று எழுதச் சொன்னார். நினைவில்லாத நாளுக்கு ‘நினைவில்லை’ என்று எழுதச் சொன்னார். நான் எழுதி முடிப்பதற்குள் அவர் இரண்டு காகிதம் எழுதிவிட்டார். ஒன்று, எனக்கு மெமோ. மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். இன்னொன்று அனுப்பிய பண்ணைக்கு: முன்பு எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன், பெட்டி கட்டியவர்மீது குறை சொன்னது நான் சரிபாராமல் செய்த தவறு, அவரைப் பழைய வேலையில் அமர்த்தக் கேட்டுக்கொள்கிறேன். என் பெயர் அதில் எங்கும் இல்லை. ‘நான்’ என்றுதான் இருந்தது. தபாலில் சேர்க்க என் கையிலேயே கொடுத்தார். திருவள்ளூர் தபாலாபீஸுக்கு நான் ஓடினேன், நடந்ததாக நினைவில்லை.

மாசி பிறந்து இரண்டாவது சரக்கு வந்தது. நூற்றிருபது முட்டை. இருட்டறையில் பார்த்தோம். முக்கால்வாசிக்குக் குமிழி ஓடியது. நான் இந்தத் தடவை ஒன்றையும் இரண்டாம் முறை சாய்க்கவில்லை.

எல்லாவற்றையும் நிற்க வைப்பது எப்படி என்பதற்குக் கன்னியம்மா முன்கூட்டியே வழி செய்துவைத்திருந்தார். அடி உருண்ட பானை சாயாமல் உட்கார, வைக்கோலைத் திரித்து வளையமாகச் செய்வார்களே, பிரிமணை. அதையே விரல் மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, முட்டைக்கு ஒன்றாகத் திரித்துக்கொண்டு வந்திருந்தார். சாக்கில் கட்டி வந்ததை அவிழ்த்துக் கொட்டினால் நூற்றிருபது பிரிமணை. டாக்டர் ஒன்றை எடுத்து, அதில் ஒரு முட்டையை வைத்து, விரலை எடுத்தார். முட்டை நேராக நின்றது. “யார் சொல்லிக் கொடுத்தாங்க?” என்றார்.

“இதுக்கு வாத்தியாரா வைப்பாங்க? குண்டி உருண்டதெல்லாம் இப்டித்தான் ஒக்காரும்.”

டாக்டர் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார். வளையங்களை எல்லாம் வெந்நீரில் கொதிக்கவைத்து வெயிலில் காயவைக்கச் சொன்னார். முட்டைகள் ஒரு நாள் முழுக்க நின்றபடியே இளைப்பாறின.

மறுநாள்தான் இடி விழுந்தது. எண் எழுதி முடித்ததும் டாக்டர் சொன்னார்: “கடைசி இலக்கம் மூணு, ஆறு, ஒன்பதுல முடியறவங்களைத் தனியா எடுங்க. முப்பத்தாறு பேர் வருவாங்க. அவங்களை விதிப்படி படுக்கவெச்சு மூணு வேளை திருப்புவோம். மத்த எண்பத்து நாலு பேரும் நிக்கட்டும்.”

இதுதான் கடைசிச் சரக்கு. ஒவ்வொரு குஞ்சும் எங்கள் மிஷினுக்கு ஒரு கால். “சார், படுக்கவெச்சா செத்துடும் சார்.”

“தெரியுமா உங்களுக்கு?”

“போன தடவை...”

“போன தடவை மூணு குஞ்சு. நான் மேல எழுதணும், அவங்க மத்தப் பண்ணைக்கெல்லாம் எழுதணும். மூணு குஞ்சை வெச்சு ஒரு விதியை மாத்துவாங்களா? எல்லாரையும் நிக்க வெச்சு எல்லாரும் வந்தா, இந்தப் பெட்டி நல்ல பெட்டின்னுதான் சொல்வாங்க.”

கன்னியம்மா துடைப்பத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “ஐயா, அந்த முப்பத்தாறு இன்னா பாவம் பண்ணுச்சி?”

டாக்டர் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டார். கழுவி ஈரம் காயாத கை. “ஒண்ணும் பண்ணலை,” என்றார். “அவங்களை நானே திருப்புறேன்.”

சொன்னபடியே செய்தார். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் வந்து, கை கழுவி, காயும்வரை நின்று, சின்னத் தட்டில் இருந்த முப்பத்தாறையும் தன் கையாலேயே திருப்பினார். எனக்கு, மற்ற எண்பத்து நான்கும் நின்ற பெரிய தட்டு. என் சீட்டில் ஒரு நாளைக்கு மூன்று கட்டத்திலும் ‘திருப்பவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். செய்யாத வேலைக்குக் கையெழுத்துப் போடுவது முன்பு எளிதாக இருந்தது. செய்யவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது கையை அறுத்தது. திருப்பச் சொல்லிக் கை அரித்துக்கொண்டே இருந்தது. கன்னியம்மா என் விரல்களைப் பார்த்துவிட்டு, “இன்னா நைனா, பூனை மாரி சுத்தி சுத்தி வர்ற? போய் நாஷ்டா துன்னுட்டு வா, போ” என்று விரட்டுவார்.

ஆறாம் நாள் காலை இருட்டறையில் பிஸ்கட் டின்னின்மேல் பதினேழாம் எண்ணை வைத்தேன். காற்றறை அகன்ற முனையில், வரைந்து வைத்த கோடுபோல, அசையாமல் நின்றது. ஒட்டிக்கொண்டுவிட்டது. அதற்குக் கீழே சிவப்பு நரம்புகள் சிலந்திவலை மாதிரி பரவியிருந்தன. நடுவில் கடுகு அளவு ஒரு புள்ளி. அது துள்ளியது. நின்றது என்று நினைத்தால் மறுபடி துள்ளியது. இதயம். எலும்பு இல்லை, இறகு இல்லை, முகம் இல்லை, அதற்குள் இதயம் மட்டும் வேலைக்கு வந்துவிட்டது. நான் வாயைத் திறந்தபடி நின்றிருக்க வேண்டும். டாக்டர் பின்னாலிருந்து, “பார்த்தீங்களா?” என்றார். பாதிக் கேள்வியோடு நிறுத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து பெரிய தட்டைப் புரட்டாமல், ஒரு பக்கத்தின் அடியில் மரக்கட்டை வைத்துச் சாய்த்தோம். அடுத்த வேளைக்கு மறுபக்கம். ஊஞ்சலை மெதுவாக ஆட்டுவதுபோல. கரு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அது போதும், காற்றறைக்கும் ஆபத்தில்லை. பதினெட்டாம் நாள் கட்டையை எடுத்துவிட்டோம்.

இருபதாம் நாள் மதியம் பெரிய தட்டிலிருந்து சத்தம் வந்தது. ஓடு எதிலும் ஒரு கீறல் இல்லை. ஆனால் உள்ளேயிருந்து கீச் என்றது ஒன்று. அதற்குப் பதில் சொன்னது இன்னொன்று. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். காற்றறைக்குள் ஒரு அலகின் நிழல் நீட்டிக்கொண்டு வாயை மூடி மூடித் திறந்தது. எந்தக் காற்று ஓட்டமாக ஓடி அதைக் கொல்லப் பார்த்ததோ, அதே காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. அரிக்கேன் விளக்கின் சூட்டில் என் கை பொசுங்கியதை மறுநாள்தான் கவனித்தேன்.

இருபத்தோராம் நாள் ஓடுகள் மேல்பக்கம் வட்டமாக வெட்டுப்பட்டு, குடுக்கையின் மூடி திறப்பதுபோலத் திறந்தன. ஈரத்தோடு ஒவ்வொன்றாகப் பிரிமணைமேல் வந்து விழுந்தன. சாயங்காலத்துக்குள் எண்பத்து நான்கில் ஐம்பத்தொன்று. மிஷின் எங்கும் போகாது. கன்னியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். நான் அன்று செய்த கூத்துகளை எழுதப்போவதில்லை. என் மெமோவுக்கும் அந்த வாரமே முடிவு வந்தது: எச்சரிக்கையோடு விடப்பட்டேன். அந்தக் காகிதம் என் பணிப்பதிவேட்டில் நான் ஓய்வு பெறும்வரை இருந்தது.

சின்னத் தட்டு அமைதியாக இருந்தது. மறுநாள் காலையிலும் அமைதி.

டாக்டர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்து, மூன்றாம் எண்ணிலிருந்து உடைக்க ஆரம்பித்தார். பல, முன்பு போலவே, பாதியில் நின்றவை. ஆனால் சில முழுசாக வளர்ந்திருந்தன. இறகு, நகம், அலகு, எல்லாம் முடிந்து புறப்படத் தயாராக இருந்த குஞ்சுகள். தலை அகன்ற முனையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. காற்றறை இருக்க வேண்டிய இடம் அது. காற்று அங்கே இல்லை, வழுக்கிக்கொண்டு அடிமுனைக்குப் போயிருந்தது. மூச்சைத் தேடிச் சரியான வாசலுக்குத்தான் வந்திருந்தன. டாக்டர் அப்படிப்பட்ட ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “எழுதுங்க. முப்பத்தாறு பேரையும் படுக்கவெச்சது அருளப்பன். திருப்பினது அருளப்பன். சீட்டுல என் பேர் போடுங்க.”

எழுதினேன். அவர் அடுத்ததை எடுத்தார். அறுபத்தொன்பது. மேசை ஓரத்தில் தட்டப்போனார்.

“ஐயா, ஒடைக்காதீங்க.” கன்னியம்மா எப்போது அருகில் வந்தார் என்று தெரியவில்லை. “உள்ள யாரோ கீறாங்க.”

டாக்டர் முட்டையைத் திருப்பினார். குறுகிய முனையில், எந்தக் குஞ்சும் கொத்தாத அடிப்பக்கத்தில், ஊசிமுனை அளவு ஓடு பெயர்ந்திருந்தது. காற்று ஓடிப்போன இடத்துக்கே இது திரும்பிப் போயிருக்கிறது. அந்த நெருக்கத்தில், அந்த இருட்டில், உடம்பை எப்படிச் சுழற்றியதோ, காற்று அந்தப் பக்கம் இருக்கிறது என்று அதற்கு யார் சொன்னார்களோ, எனக்கு இன்றுவரை தெரியாது. நாற்பது வருஷத்தில் எண்ணி மாளாத குஞ்சுகளைப் பார்த்தாயிற்று. இன்னும் தெரியாது.

முட்டையைக் காதில் வைத்துப் பார்ப்பது அவர் வழக்கமல்ல. வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். வெள்ளைச் சட்டையின் தோளில் உமித்தூள் ஒட்டியிருந்தது, அவர் தட்டிவிடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. எத்தனை நாள் என்னைக் கேட்டிருப்பார். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

“உயிர் இருக்கா சார்? பார்த்தீங்களா, நினைச்சீங்களா?”

அவர் கண்ணைத் திறக்காமல், இன்னொரு கையை உயர்த்தி என்னைச் சும்மா இருக்கச் சொன்னார்.

“இருங்க,” என்றார். “பேசிக்கிட்டிருக்காங்க.”